கொல்லைப்புறத்துக் கோஃபர்: விரட்டுவதா, விட்டுவைப்பதா?

கார்த்தி_கல்கரி (மே 24, இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், கல்கரியின் தெற்கு ஓரத்தில் போன இலையுதிர் காலத்தில்தான் வீடு வாங்கினோம். வேலிக்கு அந்தப் பக்கம் வெறும் புல்வெளி. அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினோம். பனி உருகியதும் வேலியோரம் முழுக்க வளைகள். மண் நிறத்தில் ஒரு பிராணி, இங்கே கோஃபர் என்கிறார்கள், பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கை இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி கேட்க வந்த வீட்டுக்காரர் மாதிரி முறைக்கிறது. இப்போது குட்டிகளும் வெளியே வந்துவிட்டன. வெந்தயமும் கொத்தமல்லியும் ஒரே காலையில் மொட்டை.

பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வைக்கச் சொல்கிறார். பாதிச் செலவை அவரே தருகிறாராம். என் மகளோ ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கையால் கேரட் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான். மருந்தா, பொறியா, பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விடுவதா, இல்லை பேசாமல் இருப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரெஜைனா_ரமா (மே 24, இரவு 9:40)

கார்த்தி, அதன் இடத்தில் வீடு வாங்கியது நீங்கள். அது உங்களைப் பற்றி எங்கே இழை தொடங்கியிருக்கிறதோ தெரியவில்லை :)

எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இந்தப் பிராணியின் கதையே தனி. எங்கள் ஊர் ரஃப்ரைடர்ஸ் கனடியக் கால்பந்து (ரக்பி மாதிரி ஆட்டம்) அணியின் சின்னம் ஒரு கோஃபர்தான், பெயர் கெய்னர். 1977 முதல் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. 2019 இல் அதன் முகத்தை மாற்றிப் பச்சைக் கண் வைத்தபோது ஊரே கொந்தளித்தது. குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். அதே பெரியவர்கள் சனி ஞாயிறு ஆனால் சின்னத் துப்பாக்கியோடு கோஃபர் சுட வயற்காட்டுக்குப் போவார்கள். இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டேவிட்_ஸ்கார்பரோ (மே 24, இரவு 10:05)

இது பிரெய்ரி டாக்தானே? டிவியில் பார்த்திருக்கிறேன். நம்மூர் அணில் மாதிரி முதுகில் கோடு இருக்குமா?

புல்வெளிப்பித்தன் (மே 25, காலை 6:30)

டேவிட், இல்லை. கனடாவில் பிரெய்ரி டாக் இருப்பது ஒரே இடத்தில். சஸ்காச்சுவானின் தென்கோடியில் வால் மேரி பக்கம், கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய நிலமும். கார்த்தி வீட்டில் இருப்பது ரிச்சர்ட்சன் தரை அணில், இங்கே எல்லோரும் கோஃபர் என்பது இதைத்தான். ஃபிராங்ளினின் வடதுருவப் பயணத்தோடு மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் வந்த ஜான் ரிச்சர்ட்சன் பெயரில் 1822 இல் பதிவானது. முதுகில் கோடு கிடையாது. கோடுதான் வேண்டும் என்றால் பதின்மூன்று கோட்டுத் தரை அணில் என்று இன்னொன்றும் பிரெய்ரியில் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழக அணியின் கோல்டன் கோஃபர் அதை வைத்து உருவானதுதான்.

கார்த்தி, முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வளையின் வாசல் திறந்திருக்கிறதா, மண் போட்டு மூடியிருக்கிறதா? மூன்று அங்குல அகலத்தில் திறந்த ஓட்டையும் பகலில் நடமாட்டமும் இருந்தால் தரை அணில். பகலில் ஆளே தெரியாமல், புதுமண் குவியல் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் அது பாக்கெட் கோஃபர், வேறு பிராணி. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதுக்கு ஆகாது.

அடுத்து, இதன் வருடம் எப்படிப் போகிறது என்று தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். நான் இருக்கும் லெத்பிரிட்ஜில் கேல் மிச்சனர் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் இதே அணிலைத்தான் ஆராய்ந்தார். இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவர் உழைப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசி, மார்ச் முதலில், தரையில் இன்னும் பனி கிடக்கும்போதே ஆண் வெளியே வரும். அதற்கும் ஒரு வாரம் முன்பே அது உள்ளே விழித்துவிடும். முந்தைய வருடம் சேர்த்து வைத்த விதைகளைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் மேலே வரும். பெண் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை, இரண்டு வாரம் கழித்து வருகிறது. வந்த மூன்று நான்கு நாளில் ஒரு பிற்பகல், சில மணி நேரம் மட்டுமே அது இனச்சேர்க்கைக்குத் தயார். அந்தச் சில மணி நேரத்துக்காக ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்ளும். மார்ச் கடைசியில் பார்த்தால் பாதி ஆண்களின் முதுகில் முடி இருக்காது, காயம்தான். ஒன்றிரண்டு வசந்தத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும் ஆண் குறைவு. பெண் நான்கு வயது வரைகூட இருக்கும்.

கர்ப்பம் 23 நாள். ஏழெட்டுக் குட்டிகள் சர்வ சாதாரணம். பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் குட்டி மேலே வரும். நீங்கள் இப்போது பார்ப்பது அதைத்தான். ஜூனிலேயே வளர்ந்த ஆண் தூங்கப் போய்விடும். ஆமாம், ஜூனில், வெயில் ஏறும்போதே. தாய்மார்கள் ஜூலையில். ஆகஸ்ட், செப்டம்பரில் வெளியே ஓடுவது முழுக்க இந்த வருடக் குட்டிகள். உள்ளே உடல் வெப்பம் மண்ணோடு மண்ணாக 0 பாகைப் பக்கம் இறங்கிவிடும். நடுநடுவே சில மணி நேரம் சூடேறி விழித்துவிட்டு மறுபடி உறங்கும். வளர்ந்த பெண்ணுக்கு வருடத்தில் எட்டு மாதம் இப்படியே போகிறது.

இதனால்தான் ஜூலையில் மருந்து வைத்துவிட்டு 'நன்றாக வேலை செய்தது, பெரியது ஒன்றையும் காணோம்' என்று சொல்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அவை தூங்கப் போனவை.

வயல்காடு (மே 25, காலை 11:15)

பித்தன் சார் எழுதியதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஸ்விஃப்ட் கரண்ட்டுக்கு மேற்கே என் மனைவி குடும்பத்துக்கு நிலம். பயறும் கடுகும் போடுகிறோம், கொஞ்சம் மாடு. உங்கள் வீட்டுச் சாம்பாரில் கரையும் மைசூர் பருப்பு எங்கள் பக்கத்து மண்ணில் விளைந்ததாக இருக்க வாய்ப்பு நிறைய உண்டு, அது இருக்கட்டும்.

நகரத்தில் ஐந்து வளை என்றால் புகைப்படம் எடுக்கிறீர்கள். பயறு நாலு இலை விட்ட வாரத்தில் வயல் ஓரத்தில் போய்ப் பாருங்கள். வளையைச் சுற்றி வட்டமாக வெறும் தரை. அடுத்த வளையைச் சுற்றி இன்னொரு வட்டம். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏக்கர் ஆகும். கடுகைக் குருத்திலேயே கத்தரித்துவிடும், பிறகு தழையாது. அறுப்பு நேரத்தில் மண்மேட்டில் இயந்திரத்தின் வெட்டுப்பட்டை முட்டினால் அன்றைக்கு வேலை போச்சு. 2001, 2002 வறட்சியில் மாமனார் பட்ட பாட்டை இன்றும் சொல்வார். மாட்டுக்கு இல்லாத புல் கோஃபருக்கு இருந்ததாம்.

அதற்கு ஒரு மருந்து இருந்தது: ஸ்ட்ரிக்னின். தானியத்தில் கலந்து வளைக்குள் போட்டால் ஒருவேளைத் தீனியில் முடிந்தது. ஹெல்த் கனடா, அதாவது மத்திய அரசின் சுகாதாரத் துறை, அதை 2020 மார்ச்சில் ரத்து செய்தது. மிச்சம் இருந்த சரக்கைப் பயன்படுத்த 2023 மார்ச் வரை தவணை. இப்போது இருப்பதெல்லாம் ரத்தம் உறையாமல் செய்யும் மருந்துகள், சிலது பல தடவை தின்றால்தான் வேலை செய்யும். இல்லையென்றால் ஜிங்க் பாஸ்பைடு, நம்மூர் எலி மருந்துதான், அதை எல்லாம் தின்னாது. மாகாண அரசுகளே ஸ்ட்ரிக்னினைத் திரும்பக் கேட்கின்றன. ஒட்டாவாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வயல் தெரியாது.

ரெஜைனா_ரமா (மே 25, பகல் 12:02)

ஸ்ட்ரிக்னின் என்றால் எட்டிக்கொட்டையிலிருந்து எடுப்பதல்லவா? என் தாத்தா ஊரில் எட்டி மரத்தடியில் ஆட்டைக்கூடக் கட்ட மாட்டார்கள். நம் காட்டு மரத்தின் விஷத்தையா சஸ்காச்சுவானில் நூறு வருடமாகக் கோஃபருக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்!

புல்வெளிப்பித்தன் (மே 25, பகல் 1:20)

அதே எட்டிதான் ரமா. 1818 இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த இனத்து விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்பைத் தாக்கி, உடம்பு வில்லாக வளைந்து இழுத்துச் சாகும். மூச்சு முட்டும் வரை பிராணிக்கு நினைவு இருக்கும். அதைப் பார்த்தவர்கள் யாரும் 'சீக்கிரம் முடிந்தது' என்று சொல்லிக் கேட்டதில்லை.

வயல்காடு, உங்கள் நஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரத்தானதற்குக் காரணம் கோஃபர் மேல் பாசம் இல்லை. வளைக்குள் போட்ட விஷம் வளைக்குள்ளேயே நிற்பதில்லை. செத்த அணில் வெளியே கிடக்கும், அதைத் தின்ற பிராணியும் சாகும். ஸ்விஃப்ட் நரி என்று ஒரு குட்டி நரி இருக்கிறது, பூனை அளவுதான். 1930களில் கனடாவிலிருந்தே அற்றுப்போனது. 1983 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு, இப்போதுதான் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் எல்லையில் கொஞ்சம் தலையெடுத்திருக்கிறது. வளை ஆந்தை, இன்னொன்று. தரை அணிலும், அதை மண்ணைத் தோண்டி வேட்டையாடும் பேட்ஜர் என்ற பிராணியும் விட்டுப்போன வளையில்தான் முட்டையிடும். தானாகப் புதுவளை தோண்டிக்கொள்வது இங்கே அதற்கு வழக்கமில்லை. கனடாவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

உங்களுக்குக் கூலி வாங்காமல் வேலை பார்ப்பவர்களையும் அந்த விஷம் எடுத்துவிடுகிறது. பேட்ஜர் வேட்டையாடுவதை ஒரு செப்டம்பரில் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தரை அணில் தூங்கும் வளையைக் கண்டுபிடித்ததும் உடனே தோண்டாது. முதலில் சுற்றி இருக்கும் மற்ற வாசல்களை ஒவ்வொன்றாக, பக்கத்து மேட்டிலிருந்து மண்ணை இழுத்து வந்து அடைக்கும். எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு ஒரே வாசலில் இறங்கும். உள்ளே இருப்பது ஓட வழியில்லை. குளிருக்கு முன் கிடைத்தது அதிகம் என்றால் மண்ணில் புதைத்தும் வைக்கும். இதையும் மிச்சனர்தான் விவரமாகப் பதிவு செய்தார். ஒரு பேட்ஜர் வயல் ஓரத்தில் தோண்டிய பெரிய குழியைப் பார்த்ததும் அதையும் சுட்டுவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம்.

சாரதி_டிரான்ஸ்கனடா (மே 25, இரவு 11:48)

நான் லாரி ஓட்டுகிறேன், வாரா வாரம் வின்னிபெக் முதல் கல்கரி. மே கடைசியில் நெடுஞ்சாலை முழுக்க இதுகள் நசுங்கிக் கிடக்கும். கொடுமை என்னவென்றால், நசுங்கிக் கிடப்பதைத் தின்ன இன்னொன்று ஓடி வரும். சொந்த இனத்தையே. அடுத்த வண்டியில் அதுவும் போகும். புல் மட்டும் தின்னும் சாதுப் பிராணி என்று நினைத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

யாராவது டாரிங்டன் போயிருக்கிறீர்களா? கல்கரிக்கும் ரெட் டீருக்கும் நடுவே, நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே. சின்ன ஊர். 1996 இல் ஊர்க்காரர்கள் சுற்றுலா வருமானத்துக்கு வேறு வழியில்லாமல் கோஃபர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். செத்த கோஃபரைப் பாடம் செய்து, சட்டை தைத்துப் போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர் வாழ்க்கையை அமைத்திருக்கிறார்கள். முடி திருத்தும் கடையில் உட்கார்ந்திருக்கும் கோஃபர், தேவாலயத்துக் கோஃபர், தலையில் ஒளிவட்டத்தோடு தேவதைக் கோஃபர். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னணியில் கையால் வரைந்த ஓவியம். பீட்டா அமைப்பு எதிர்ப்புக் கடிதம் எழுதியதும் இவர்கள் ஒரு அஞ்சல் அட்டையில் கிண்டலாக இரண்டே வார்த்தையில் பதில் போட்டார்கள். அந்தச் சண்டை உலகச் செய்தி ஆகி, கூட்டம் வரத் தொடங்கியது. எதிர்த்தவர்கள்தான் விளம்பரம் செய்து கொடுத்தார்கள். தெருவில் தீயணைப்புக் குழாய்க்குக்கூடக் கோஃபர் முகம் வரைந்திருக்கிறார்கள். கார்த்தி, உங்கள் மகளைக் கூட்டிப்போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள், அவள் வைத்த பெயர்கள் எல்லாம் அங்கே பெட்டிக்குள் தெரியும்.

நல்லூர்_சுதா (மே 26, காலை 8:20)

கார்த்தி தம்பி, நான் வின்னிபெக்கில். எங்கட பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேர் என்ற பேராசிரியரின் குழு இதுகளின் சத்தத்தை ஆராய்ந்தது. உங்கட மகளுக்குச் சொல்லுங்கோ, கேரட் கொடுக்கிறதை விட இது சுவாரசியம்.

வானத்தில் பருந்து வந்தால் குறுகிய கீச்சொலி. தரையில் நாயோ பேட்ஜரோ வந்தால் நீட்டி விசில். வேலியோரம் கதிரையைப் போட்டுக் காது கொடுத்தால், வந்தது மேலேயா கீழேயா என்று நீங்களே சொல்லிவிடலாம். இன்னும் ஒன்று: சில வேளை வாயைத் திறக்கும், நெஞ்சு அசையும், சத்தமே வராது. லேசாகக் காற்று போகிற மாதிரி இருக்கும். உண்மையில் அது கத்துகிறது, ஏறக்குறைய 50 கிலோஹெர்ட்சில். எங்கட காது 20 உடன் நின்றுவிடும். வில்சனும் ஹேரும் 2004 இல் இதை வெளியிட்டார்கள். அந்த ஒலி தூரம் போகாது, ஒரு பக்கமாகவே போகும். பக்கத்து அயலுக்கு மட்டும் செய்தி சொல்லிவிட்டுப் பகைக்குத் தன்னைக் காட்டாமல் இருக்கலாம்.

யார் கத்தினது என்பதையும் அதுகள் கவனிக்கும். ஒன்றுமில்லாமல் சும்மா கத்தித் திரிகிறதின் குரலுக்குக் குட்டிகளே தலை நிமிர்த்துவது குறையுது என்று 2001 இல் சோதித்துக் காட்டினவை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்தினால் கூடுதலாகக் கவனிக்கும். தாயும் மகள்மாரும் சகோதரிகளும் பக்கத்துப் பக்கத்து வளையில் இருப்பினம், ஆண் குட்டி வளர்ந்ததும் வேறு இடம் போய்விடும். ஆகக் கத்துகிறது பெரும்பாலும் சொந்தக்காரருக்காகத்தான்.

கடையில் விற்கிற 'ஒலி விரட்டி' வாங்கிக் காசைக் கரியாக்காதேங்கோ. இரண்டு நாளில் அதுகள் பழகிவிடும். கேரட்டையும் நிறுத்துங்கோ. ஒரு நாள் விரலைக் கடிக்கும், அதோட உடம்பில் தெள்ளும் உண்டு.

டேவிட்_ஸ்கார்பரோ (மே 26, காலை 9:01)

ஜப்பானில் இதை வீட்டில் வளர்க்கிறார்கள், காணொளி இருக்கிறது. ஒரு குட்டி பார்சல் கிடைக்குமா?

மட்டுறுத்துநர் (மே 26, காலை 9:30)

டேவிட், காட்டுப் பிராணியைப் பிடித்து விற்பது பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். மற்றவர்கள் தொடரலாம். துப்பாக்கி மாடல் பற்றி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன், அதற்கு வேறு இழை இருக்கிறது.

வயல்காடு (மே 26, பகல் 12:40)

சுதா அக்கா சொன்னது நான் தினமும் கேட்கும் சத்தம்தான், இதில் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. சரி, நரியும் ஆந்தையும் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் விவசாயி என்ன செய்ய வேண்டும்? பேட்ஜர் வரும் வரை பயறைக் காட்டிக்கொண்டு நிற்கவா? அதன் செலவை மட்டும் ஏன் நிலம் வைத்திருப்பவனே ஏற்க வேண்டும்? நகரத்துக்காரருக்கு ஆந்தை வேண்டும், விலை நான் கொடுக்கிறேன்.

நூறு வருடமாக ஊரே சேர்ந்து எதிர்த்த பிராணி இது. 1917 மே 1 அன்று சஸ்காச்சுவானில் கோஃபர் நாள் என்று அறிவித்து, பள்ளிப் பிள்ளைகளையே இறக்கினார்கள். அன்று ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். போர்க்காலம், கோதுமை ஒவ்வொரு மூட்டையும் முக்கியம். வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு என்று ஊராட்சிகள் கொடுத்த காலமும் உண்டு.

புல்வெளிப்பித்தன் (மே 26, மாலை 5:55)

அவ்வளவு கொன்றும் அது குறையவில்லையே, வயல்காடு. நீங்களே கொடுத்த சான்று. ஐந்து லட்சம் செத்த பிறகும் 2002 இல் உங்கள் மாமனார் வயலில் அது நின்றது. காரணம் புல்.

இந்த அணிலுக்கு உயிரே பார்வைதான். பின்னங்காலில் நின்றால் நாலாபக்கமும் தெரிய வேண்டும். குட்டைப் புல் இருந்தால் பெருகும், புல் முழங்கால் உயரம் போனால் பதறி இடம் மாறும். ஒரு காலத்தில் காட்டெருமை மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்தது. இன்று அதை நாம் செய்கிறோம். நகரத்தில் வாரா வாரம் புல்வெட்டி ஓட்டுகிறோம். பண்ணையில் மாட்டை ஒரே அடைப்பில் விட்டு ஒட்ட மேய்க்கிறோம். வறட்சி வந்தால் புல் தானாகவே வளராது, அதற்கு மேல் மேய்ச்சலும் சேர்ந்தால் கோஃபருக்கு நாமே மனை போட்டுக் கொடுத்த கணக்கு. 2001 இல் நடந்தது அதுதான். ஈரமான வருடங்களில் இதே நிலத்தில் எண்ணிக்கை தானாக இறங்கும்.

விவசாயி என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. ஒன்று, காலம். மார்ச்சில், பச்சை தலைகாட்டும் முன், பெண் வெளியே வந்ததும் பிடித்த ஒரு அணில் மே மாதத்து எட்டு அணிலுக்குச் சமம். பொறியோ அனுமதியுள்ள மருந்தோ எதுவானாலும் அப்போதுதான். பச்சை வந்த பிறகு உங்கள் உலர்ந்த தானியத்தை அது திரும்பிப் பார்க்காது. இரண்டு, பயறு வயலை ஒட்டிய மேய்ச்சல் ஓரத்தில் மாட்டை வசந்தத்தில் விடாதீர்கள், புல் உயரட்டும். உங்கள் வயலுக்குள் வருவது அந்த ஓரத்திலிருந்துதான். மூன்று, கம்பம். தெற்கு ஆல்பர்ட்டாவில் ஃபெருஜினஸ் பருந்துக்கென்று உயரக் கம்பத்தில் கூடு கட்டும் மேடை வைத்திருக்கிறார்கள். மரமில்லாத வெட்டவெளியில் அதற்குக் கூடு கட்ட இடம்தான் தட்டுப்பாடு. இந்தப் பருந்து குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் இதே தரை அணிலை. நெல் வயலில் எலிக்காக ஆந்தை உட்கார 'ட' வடிவில் குச்சி நடுகிறார்களே தஞ்சாவூர்ப் பக்கம், அதே யோசனைதான்.

பருந்து விஷயத்தில் இன்னொன்று. ஸ்வெயின்சன் பருந்து கோடையில் இங்கே அணில் தின்றுவிட்டுக் குளிருக்கு அர்ஜென்டினா போகிறது. 1995, 96 குளிர்காலத்தில் அங்கே வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸில் ஏறத்தாழ 20,000 பருந்துகள் செத்தன என்று கணக்கிட்டார்கள். பருத்தி போட்ட எல்லோருக்கும் தெரிந்த மருந்து. இங்கே வேட்டைக்காரன் குறைந்ததற்கு அங்கே தெளித்ததும் ஒரு காரணம்.

செலவை நீங்கள் மட்டும் ஏற்பது அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆந்தையும் நரியும் இருக்கும் நிலத்துக்காரருக்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிக்னினைத் திரும்பக் கேட்கும் வேகத்தில் பாதியையாவது மாகாணங்கள் அதைக் கேட்பதில் காட்டலாம்.

வயல்காடு (மே 26, இரவு 8:10)

ஈடு விஷயத்தில் கைகொடுங்கள். கம்பம் நடுவதும் பெரிய செலவில்லை. மேய்ச்சல் ஓரத்தை விடுவது மட்டும் வறண்ட வருடத்தில் நடக்காது சார், புல் இருக்கும் ஒரே இடம் சில வருடம் அதுதான். ஸ்ட்ரிக்னின் பற்றி நான் நினைப்பது மாறவில்லை.

கார்த்தி_கல்கரி (மே 26, இரவு 9:35)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன, பித்தன் அண்ணா. அப்போது தரை அணில்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினேன். இப்போது மருந்து வைத்தால் பின்னால் இருக்கும் புல்வெளியிலிருந்து அடுத்த வாரமே வேறொன்று அதே வளைக்குக் குடிவரும் என்றேன். நம்பவில்லை. ஆனால் எதிர்வீட்டில் நாய் இருக்கிறது, மருந்து தின்ற அணிலை நாய் கவ்வினால் என்ன ஆகும் என்று கேட்டதும் நிறுத்திவிட்டார். பிடித்துக் காரில் கொண்டுபோய் விடுவது சரியா என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. புல்லை உயரமாக விடலாம் என்றால், வீட்டு மனையில் புல் உயரத்துக்கு நகராட்சி வரம்பு வைத்திருக்கிறதே?

புல்வெளிப்பித்தன் (மே 27, காலை 6:45)

கொண்டுபோய் விடாதீர்கள். புது இடத்தில் அதற்கு வளை கிடையாது, அங்கே ஏற்கெனவே இருப்பவை விரட்டும், ஒளிய இடம் தேடும் முன்பே பருந்துக்கு இரை. தப்பித்தால் வேறொருவர் நிலத்தில் தோண்டும். வயல்காடு மாதிரி ஒருவர் நிலமாக இருந்தால் உங்களைத் தேடி வருவார்.

வரம்பு புல்தரைக்குத்தான், கார்த்தி. வேலியோரம் நாலடி அகலத்தில் புல்லை எடுத்துவிட்டு நெருக்கமாகப் புதர்ச்செடிப் பாத்தி போடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் அணிலுக்கு உங்கள் கொல்லை தெரியக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். கீரைக்கு மரச்சட்டத்தில் உயர்ந்த பாத்தி, அடியில் கம்பி வலை. பக்கவாட்டிலும் வலையை மண்ணுக்குள் ஓரடி இறக்கி, அடிமுனையை வெளிப்பக்கம் மடித்து விடுங்கள். தோண்டி வரும்போது மடிப்பில் முட்டித் திரும்பிவிடும். கோழி வலை வேண்டாம், சீக்கிரமே துருப்பிடித்துப் பல்லுக்கு வழிவிடும். பற்றவைத்த அரை அங்குலக் கட்டம் போட்ட வலை கேளுங்கள்.

ரெஜைனா_ரமா (மே 27, காலை 7:30)

வெந்தயத்தை ஆகஸ்ட் முதல் வாரம் மறுபடி விதையுங்கள் கார்த்தி. பெரியது எல்லாம் அதற்குள் தூங்கப் போய்விடும், குட்டிகளை வலை பார்த்துக்கொள்ளும். முதல் உறைபனிக்குள் இரண்டு அறுப்பு எடுத்துவிடலாம், நான் எடுக்கிறேன்.

கார்த்தி_கல்கரி (மே 27, காலை 8:05)

சரி, சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். அரை அங்குலக் கட்டம், எத்தனை அடி அகலச் சுருள் வாங்குவது? பாத்தி எட்டுக்கு நாலு.

வயல்காடு (மே 27, காலை 8:22)

நாலடிச் சுருள் போதும். அடிக்கு எட்டடி, நாலு பக்கத்துக்கும் பாதியாக வெட்டிய இரண்டடிப் பட்டை. மொத்தம் இருபதடி நீளம் வரும், வெட்டுச்சேதத்துக்குக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.